ஒயில் அமுக்கம் ஏன் இறங்குகிறது?

பாரிசில் இருந்துகொண்டு பழைய உழவு இயந்திரத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். எங்களில் பலருக்கு ஊரில் இன்னும் வயல் இருக்கிறது. உழுவது தம்பியோ மச்சானோ, ஆனால் மெசின் நின்றுவிட்டால் காசு போவது லாச்சப்பலில் இருந்துதான். "ஒயில் பிரசர் இல்லையாம் அண்ணை, எஞ்சினை முழுசாகக் கழற்றிச் செய்ய வேணுமாம்" என்று ஒரு நேயர் அண்மையில் நிலையத்துக்கு அழைத்துச் சொன்னார். கிளிநொச்சிப் பக்கம் அவருடைய தமையன் வைத்திருப்பது மசி பேர்குசன் 35. கேட்கப்பட்ட தொகை அவருடைய இரண்டு மாதச் சம்பளம். காசை அனுப்பமுன்னர் கேட்கவேண்டிய சில கேள்விகள் உண்டு. அவற்றைத்தான் வானொலியில் சொன்னேன், இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

இந்த மெசின் எங்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. இதற்கு முந்திய சாம்பல் நிறப் பேர்குசன் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றியில் செய்யப்பட்டது. 1950களில் அதே குடும்பத்து மெசின் எங்கள் பக்கத்துச் சென்-டெனியிலும் செய்யப்பட்டது. லெ பிளாங்-மெனிலில் என் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. பிரெஞ்சு விவசாயிகள் அதைச் செல்லமாகச் 'சின்னச் சாம்பல்' என்பார்கள். ஊரில் நாங்கள் அதிகம் கண்டது பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் பூட்டிய 35 உம், 1964 இன் கடைசியில் வந்த 135 உம். 1960 இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனமும் இதே வழியில் வந்த மெசின்களைச் செய்தது.

நான் பரந்தனில் ஒரு கராஜில் தொழில் பழகியவன். அங்கே முதலில் சொல்லித் தந்தது இதுதான்: பம்ப் அமுக்கத்தை உண்டாக்குவதில்லை, ஒயிலைத் தள்ளுகிறது, அவ்வளவே. தள்ளிய ஒயில் பெயரிங்குகளின் ஒடுங்கிய இடைவெளியால் வெளியேற முடியாமல் தடைப்படும்போதுதான் அமுக்கம் எழுகிறது. வாய்க்காலில் தண்ணீர் மட்டம் இறங்கினால் இறைக்கிற மெசினை மட்டுமா பார்ப்போம்? வரம்பு எங்கே உடைந்திருக்கிறது என்றும் பார்ப்போம் அல்லவா?

கேட்கவேண்டிய முதற் கேள்வி: அமுக்கம் இல்லையென்று சொன்னது யார்? நாற்பது ஐம்பது வருடப் பழைய கேஜ் என்றால் அதன் சொல்லை நான் நம்பமாட்டேன். அதற்குப் போகிற மெல்லிய குழாயில் கசடு அடைத்தாலும் முள் எழும்பாது. எஞ்சின் பக்கத்திலுள்ள துளையில் நல்ல கேஜ் ஒன்றைப் பூட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு முழு வேகத்தில் பார்க்கவேண்டும். இந்தப் பேர்கின்ஸுக்குச் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 60 இறாத்தல் போதும். இங்கத்தைய கணக்கில் 2 முதல் 4 பார். மெதுவாக ஓடும்போது அதைவிடக் குறைவாகக் காட்டுவது பழுதல்ல. ஆனால் வேலை நடுவே முள் திடீரெனப் பூச்சியத்துக்கு விழுந்தால் வயலின் நடுவிலென்றாலும் உடனே நிறுத்தவேண்டும். வரம்புவரை கொண்டுபோவோம் என்று நினைத்தால் கிராங் போய்விடும்.

அடுத்தது ஒயில். கம்பியை எடுத்துப் பார்க்கும்போது மட்டம் குறைந்திருந்தால் விளங்கும். கூடியிருந்தால்தான் பலர் சந்தோசப்படுகிறார்கள்! ஊற்றாமலே ஒயில் கூடினால் டீசல் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். டீசல் பம்ப்பின் கிழிந்த மென்தகடு வழியாகவோ, ஒழுகும் இன்ஜெக்ரர் வழியாகவோ அது வரும். மணந்து பார்த்தாலே தெரியும். நீர்த்த ஒயில் எந்த நல்ல பெயரிங்கிலும் நிற்காது. பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அது வேறு கதை.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் டீசல் எஞ்சின்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஒயிலும் கிடைத்ததை ஊற்றினோம். அந்த வருடங்களைக் கடந்து வந்த எஞ்சின் என்றால் உள்ளே தேய்வும் கசடும் இருக்கும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். அதற்காக எல்லாவற்றையும் கழற்றத்தான் வேண்டும் என்றில்லை.

எப்போது இறங்குகிறது என்பது அடுத்த கேள்வி. என் அனுபவத்தில் பாதி விடை இதிலேயே இருக்கிறது. காலையில் குளிராக இருக்கும்போது நல்ல அமுக்கம், ஒரு மணித்தியாலம் உழுதபின் இறங்குகிறது என்றால் பெரும்பாலும் பெயரிங் தேய்வு, அல்லது ஒயில் நீர்த்திருக்கிறது. குளிரிலும் சூட்டிலும் ஒரேமாதிரிக் குறைவென்றால் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் வால்வில் சந்தேகப்படுங்கள். ஒரு துண்டுக் கசடு அதைத் திறந்தபடி வைத்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அது சில்லறைக் காசு விடயம். முள் நடுங்கித் துள்ளினால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயின் பொருத்து தளர்ந்திருக்கலாம், வலை அடைத்திருக்கலாம்.

பெயரிங் தேய்வு ஏன் இவ்வளவு பாதிக்கிறது? புதிதில் அந்த இடைவெளி ஒரு தலைமயிரின் பருமனளவுதான். அது இரண்டு மடங்கானால் ஒழுகும் ஒயில் இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு. ஆகவேதான் பல வருடம் நன்றாக ஓடிய எஞ்சின் ஒரே போகத்தில் விழுந்துவிட்டதுபோல் தோன்றும். அடியிலிருந்து கனத்த அடி போன்ற சத்தமும் சேர்ந்து கேட்டால் இனிச் சந்தேகமில்லை. தடித்த ஒயில் ஊற்றி முள்ளை எழுப்பும் வைத்தியம் எனக்குப் பிடிக்காது. முள் எழும், குளிரான காலையில் ஒயில் போய்ச்சேரத் தாமதிக்கும், தேய்வு அப்படியே இருக்கும். விற்கப்போகிறவர்கள் செய்கிற வேலை அது.

வெளியே பார்க்கக்கூடியதெல்லாம் பார்த்த பின்னர்தான் சம்ப்பைக் கழற்றவேண்டும். உழவு இயந்திரத்துக்குத் தனிச் சட்டகம் இல்லை, எஞ்சினே முதுகெலும்பு. ஆகவே முன்பின் முட்டுக்கொடுக்காமல் கை வைக்கக்கூடாது. ஆனால் சம்ப் இறங்கினால் வலை, பம்ப், அடிப் பெயரிங்குகள் எல்லாம் கைக்கு எட்டும். பல பேர்கின்ஸ் எஞ்சின்களில் அந்த வால்வும் உள்ளேதான். எஞ்சினைத் தூக்காமலே மூடியைக் கழற்றி, மெல்லிய பிளாஸ்ரிக் நூல் ஒன்றை வைத்து இறுக்கி, மறுபடி கழற்றினால் நூல் நசிந்த அகலம் இடைவெளியைச் சொல்லும். நூல் உள்ளே இருக்கையில் கிராங்கைச் சுற்றக்கூடாது. கிராங் வட்டமாக இருக்கிறதா என்பதை மைக்ரோமீற்றரால் அளக்கவேண்டும். முட்டை வடிவமாகியிருந்தால் புதுப் பெயரிங் போடுவது வீண். கடைசல் பட்டறையில் அரைத்து 10, 20 அல்லது 30 என்று அதற்கேற்ற அளவுப் பெயரிங் வாங்கவேண்டும். முழுச் செலவு என்ற பேச்சு நியாயமாவது இந்த இடத்தில்தான். அப்படிக் கேட்டால், கிராங் அளந்த எண்களைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அளக்காதவரிடம் எண் இருக்காது.

திரும்பப் பூட்டும்போது பம்ப்புக்குள் ஒயில் நிரப்பிப் பூட்டவும். புதிய பில்ரர், புதிய ஒயில் ஊற்றி, டீசலை நிறுத்தும் பிடியை இழுத்தபடி ஸ்ராட்டரால் விட்டுவிட்டுச் சுற்றி, முள் அசைந்த பிறகே எஞ்சினைத் தொடக்கவேண்டும்.