பீஜித் தீவின் அரும்பொருட்காட்சிசாலை

ஒரு நாட்டின் வரலாற்றை நூல்வழிக் கற்பது ஒன்று. அந்நாட்டார் கையாண்ட பொருள்களை நேரிற் கண்டு கற்பது மற்றொன்று. பசிபிக் மாகடலிலுள்ள பீஜி நாட்டின் தலைநகரான சூவாவில், தர்ஸ்டன் பூங்காவினுள் அமைந்த பீஜி அரும்பொருட்காட்சிசாலை இரண்டாம் வகைக் கல்விக்குத் தக்க இடமாகும். 1904ஆம் ஆண்டில் தோன்றிய நிலையம் அது.

உள்ளே செல்வோர் கண்ணை முதலில் கவர்வது, 1913இல் கட்டப்பெற்ற 'ராத்து பினாவ்' என்னும் இரட்டை மரக்கலம். அதன் நீளம் 13 மீட்டருக்குச் சற்று அதிகம். பண்டைக் காலத்தில் இதனினும் மிகப் பெரிய கலங்கள் நூற்றுக்கு மேற்பட்டோரை ஏற்றிச் சென்றதுண்டு. இவ்வகைக் கலத்தைத் 'துருவா' என்பர். ஒன்று பெரிதும் மற்றொன்று சிறிதுமாகிய இரு ஓடங்களை இணைத்து, மேலே மேடை பரப்பி, பாய் விரித்திருப்பர். பலகைகளைப் பிணைப்பது ஆணியன்று; தென்னை நார்க்கயிறே. சிறிய ஓடம் எப்போதும் காற்று வரும் பக்கம் இருத்தல் வேண்டும். ஆகவே திசை மாற்றுங்கால் கலத்தைத் திருப்புவதில்லை. பாயின் கீழ்முனையை மறுகோடிக்கு எடுத்துச் சென்று, பின்புறத்தையே முன்புறமாக்கி ஓட்டுவர்.

இரட்டைக் கலங்களுக்கு ஆங்கிலத்தார் வழங்கும் 'கட்டமரான்' என்னும் பெயர் நமது 'கட்டுமரம்' என்பதன் திரிபே. எனினும் நம்மவர் கட்டுமரம் மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது, இது வேறு. பெயர் ஒன்றாதல் பற்றிப் பொருளும் ஒன்றென மயங்கலாகாது.

இம்மரக்கலத்தின் பெருமையில் மனம் தோய்ந்தவர், இந்தியர் வரலாற்றைக் கூறும் பகுதியைக் காணாமல் திரும்பிவிடுதல் கூடாது. பீஜி 1874இல் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டி, 1879 முதல் 1916 வரை அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அங்குக் கொண்டு சென்றனர். 'அக்ரிமென்ட்' என்னும் ஆங்கிலச் சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. மலாயாவில் 'சஞ்சி' எனப்பட்டதும் இத்தகைய கட்டே. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றமையால், தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் அத்தீவை அடைந்தனர்.

அவ்வரலாற்றின் துயர நிகழ்ச்சிகளுள் ஒன்று 'சிரியா' கப்பலின் அழிவாகும். 1884ஆம் ஆண்டு மே மாதம் அக்கப்பல் நசிலாய்ப் பவளப்பாறையில் மோதி உடைந்தது. 59 பேர் மாண்டனர். அரசாங்க மருத்துவர் வில்லியம் மக்கிரிகர் மீட்புக்குத் தலைமை தாங்கினார். அயலூர்ப் பீஜி மக்களும் உதவினர். கடலோடிக் குடியினர், கடல் கடந்து வந்த ஏழைகளைக் கரை சேர்த்த செய்தி அது. இரு சாராரின் வரலாற்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருப்பதன் பொருள் இங்கே விளங்கும்.

ஆனால் தலைவர்களின் கலம் நிலைத்ததுபோல் தொழிலாளரின் உடைமைகள் நிலைக்கவில்லை. சட்டியும் துணியும் உழைப்பில் தேய்ந்து போயின. எஞ்சியவற்றுள் சிறந்தவை குடியேற்றச் சீட்டுகளே. பீஜியின் தேசிய ஆவணக் காப்பகம் அவற்றைப் பாதுகாக்கின்றது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடற்குறி ஆகியன அவற்றிற் பதிந்துள்ளன. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் பெயர்கள் சில சிதைந்துள்ளன. எனினும், பாட்டனாரின் ஊரைத் தேடும் பேரனுக்கு அத்தாளே வழிகாட்டி.

எனவே காட்சிசாலைக்குச் செல்வோர், அங்கே இருப்பது எது என்று கேட்பதோடு அமையாது, இல்லாதது எது, ஏன் இல்லை என்றும் கேட்டல் வேண்டும். மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு இது முதற்கடமை. சஞ்சியில் வந்தோர் வழித்தோன்றல்கள் இங்கும் உளர். வீட்டுப் பெட்டியின் அடியில் கிடக்கும் பழந்தாளை எறியுமுன், அதிலுள்ள ஊர்ப்பெயரை ஒருமுறை படித்துப் பார்ப்பாராக.