சிங்கப்பூருக்கு நீரும் உணவும் வரும் வழி

நெசவாளர் தாம் நெய்யும் நூலைத் தாமே நூற்பதில்லை. கடைமடை விவசாயிக்கு வரும் நீர் மேல்மடையைக் கடந்தே வருகிறது. ஆகவே, பிறரைச் சார்ந்து தொழில் செய்வது நம் அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. ஒரு நாடு முழுவதுமே குடிநீருக்கும் சோற்றுக்கும் அவ்விதம் பிறரைச் சார்ந்திருக்குமானால், அது எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்கிறது? சிங்கப்பூரின் அனுபவம் இதற்கு நல்ல விளக்கமாகும்.

சிங்கப்பூரில் மழைக்குக் குறைவில்லை. ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆனால் அத்தீவின் பரப்பு சுமார் 730 சதுர கிலோமீட்டரே. அதற்குள் ஏறத்தாழ 60 லட்சம் மக்கள் வாழ்கின்றனர். பெரிய ஆறுகள் இல்லை. பெய்யும் நீரைத் தேக்கி வைக்கப் போதிய இடமும் இல்லை. எனவே 1927-ம் ஆண்டிலேயே அண்டையிலுள்ள ஜோகூருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, அங்கிருந்து குழாய் மூலம் நீர் கொண்டுவர ஏற்பாடு செய்யப்பட்டது.

ஒரே வழியை நம்புவதில் உள்ள அபாயம் யுத்த காலத்தில் வெளிப்பட்டது. 1942 ஜனவரி 31-ந் தேதி, ஜப்பானியப் படையைத் தடுக்கும் பொருட்டு, தீவையும் ஜோகூரையும் இணைத்த கடற்பாலத்தைப் பிரிட்டிஷ் படையினரே தகர்த்தனர். அதன் வழியே வந்த நீர்க்குழாயும் அறுந்தது. பிறகு குண்டுவீச்சில் நகரக் குழாய்கள் உடைந்து, இருந்த நீரும் வீணாயிற்று. பிப்ரவரி 15-ந் தேதி நகரம் சரணடைந்ததற்கு நீர்ப் பஞ்சமும் ஒரு காரணம். 1963-ல் மழை பொய்த்தபோதும் மக்கள் பல மாதங்கள் பங்கீட்டு முறையில் நீர் பெற நேர்ந்தது.

1961, 1962-ம் ஆண்டுகளில் ஜோகூருடன் புதிய உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. இரண்டாவது உடன்படிக்கையின்படி, 2061-ம் ஆண்டு வரை ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். விலை ஆயிரம் காலனுக்கு 3 சென். சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஆயிரம் காலனுக்கு 50 சென் விலையில் ஜோகூருக்குத் திரும்பக் கொடுத்தல் வேண்டும். 1965 ஆகஸ்டு 9-ந் தேதி மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்தபோது, பிரிவினை ஒப்பந்தத்திலேயே இவ்வுடன்படிக்கைகளுக்கு உறுதி அளிக்கப்பட்டது.

இவ்விலையைப் பற்றிப் பூசல் உண்டு. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய விலை அநியாயமானது என்பது மலேசியாவின் வாதம். விலையைத் திருத்தக் கிடைத்த வாய்ப்பு 1987-ல் பயன்படுத்தப்படவில்லை. சுத்திகரிப்புச் செலவை விடக் குறைந்த விலைக்கே தாங்கள் நீரைத் திருப்பித் தருகிறோம் என்பது சிங்கப்பூரின் பதில். இரு தரப்பினரும் மனம் கசந்து பேசிய காலங்களிலும் குழாயில் நீர் நிற்கவில்லை. எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் பயன் அதுவே.

ஆனால் ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி உண்டு என்பதைச் சிங்கப்பூர் மறக்கவில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் திட்டம் 2003-லும், கடல்நீரைக் குடிநீராக்கும் முதல் பெரிய ஆலை 2005-லும் தொடங்கின. 2008-ல் நகரின் கடல் முகத்துவாரத்தில் தடுப்பணை கட்டி நன்னீர்த் தேக்கம் அமைத்தனர். ஆகவே 2011-ல் முதல் உடன்படிக்கை காலாவதியானபோது தட்டுப்பாடு தோன்றவில்லை. ஆயினும் இம்முறைகளுக்கு மின்சாரம் மிகுதியாகத் தேவை. அம்மின்சாரத்துக்கான எரிவாயுவோ வெளியிலிருந்து வருவது. சார்பு குறைந்தது, ஒழிந்துவிடவில்லை.

உணவிலும் இதே நிலை. அந்நாட்டின் உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதியே. 2022 ஜூன் 1-ந் தேதி, தன் மக்களுக்குக் கோழி இறைச்சி போதாமையாலும் விலையேற்றத்தாலும் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டில் சிங்கப்பூர் வாங்கிய கோழியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மலேசியாவுடையது. வேறு நாடுகளிலிருந்தும் உறைந்த இறைச்சி வந்துகொண்டிருந்தமையால் நிலைமை சமாளிக்கப்பட்டது. அரிசி இறக்குமதியாளர்கள் தம் மாத இறக்குமதியைப் போல் இரு மடங்கைக் கையிருப்பாக வைத்திருத்தல் வேண்டும் என்ற விதியும் அங்கு உண்டு.

நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. 1973-ல் விலைவாசி ஏறித் தொழிலாளர் துன்புற்றபோது, அந்நாட்டுத் தொழிற்சங்கக் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றைத் தொடங்கியது. 1983-ல் மற்றொரு கூட்டுறவுடன் இணைந்து, ஃபேர்பிரைஸ் என்னும் பெயரில் அந்நாட்டின் மிகப் பெரிய சில்லறை விற்பனை நிறுவனங்களுள் ஒன்றாக அது வளர்ந்துள்ளது. அரசாங்கம் பொருளை வரவழைக்க வழி செய்யலாம். அது நியாய விலையில் வீடு சேர்வதற்கு மக்களின் ஸ்தாபனமும் தேவைப்பட்டது.

உணவுத் தேவையில் 30 சதவீதத்தை 2030-க்குள் உள்நாட்டிலேயே விளைவிக்க 2019-ல் இலட்சியம் வகுத்தனர். செலவு தாங்கவில்லை, பண்ணைகள் சில மூடப்பட்டன. 2025-ல் அவ்விலட்சியத்தைக் கைவிட்டு, முட்டை, மீன், காய்கறி போன்றவற்றுக்கு 2035-ஐக் கெடுவாகக் கொண்டு வேறு இலக்குகளை ஏற்றனர். முடியாததை முடியாதென ஒப்புக்கொண்டு கணக்கைத் திருத்துவதும் நிர்வாகத் திறமையே.

நம் சங்கங்களுக்கும் இதில் பாடம் உண்டு. ஒரே வியாபாரியிடம் வாய்ப்பேச்சில் நூல் வாங்கும் சங்கம், அவர் கைவிரித்த அன்றே தறியை நிறுத்த நேரிடும். கொள்முதலுக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம், ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள், சில வாரங்களுக்கேனும் கையிருப்பு, இயன்ற அளவு சொந்த முயற்சி: இந்நான்கும் நம் சங்கத்தில் உண்டா என்று அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் கேட்டல் வேண்டும். பிறரைச் சார்ந்திருப்பது இழிவன்று. ஆயத்தமின்றிச் சார்ந்திருப்பதே ஆபத்து.