பாரமும் ஓர் அருட்கொடையே!

மனிதன் பிறந்த நாள் முதல் ஓயாமல் சுமந்து வருவது தன் உடலின் எடையைத்தான். படியேறினால் மூச்சு வாங்குகிறது; முதுமையில் முழங்கால் நோகிறது. 'இந்த உடம்பு இலேசாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!' என்று எண்ணாதவர் யார்? அவ்வெண்ணம் ஈடேறும் இடம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிவரும் பன்னாட்டு விண்வெளி நிலையமே அது. அங்கே மனிதன் இறகைப் போல மிதக்கிறான். ஆனால், அந்நிலையில் அவனுடைய உயிரணுக்களுக்குள் நிகழ்வனவற்றை அறிந்தால், நாம் சலித்துக்கொள்ளும் இச்சுமையின் அருமை விளங்கும்.

அங்கே புவியீர்ப்பே இல்லை என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 சதவீத ஈர்ப்பு அங்கும் உண்டு. நிலையமும் அதிலுள்ளோரும் ஒன்றாக விழுந்தவண்ணமே பூமியைச் சுற்றி விரைகின்றனர். ஆகவே காலைத் தாங்கும் தரையின் அழுத்தம் அவர்களுக்கு இல்லை. கயிறு அறுந்து கிணற்றுக்குள் விழும் வாளியையும், அதனுள் கிடக்கும் கல்லையும் எண்ணிப் பாருங்கள். விழும் அந்நொடியில் கல் வாளியை அழுத்துவதில்லை. இதுவே எடையின்மை.

நூல் மாறுவதில்லை, பாடம் மாறுகிறது

நம் உயிரணுக்களில் மரபணுக்கள் என்னும் குறிப்புகள் உள்ளன. எந்தப் புரதத்தை எவ்வாறு செய்வது என்பதை அவை கூறுகின்றன. தசையும், எலும்பின் நாரும், நோயை எதிர்க்கும் பொருட்களும் புரதங்களால் ஆனவையே. எல்லாக் குறிப்புகளும் எப்போதும் செயல்படுவதில்லை. மதரஸா மாணவனிடம் முழுக் கிதாபும் இருக்கிறது. இன்று அவன் ஓதுவதோ ஒரு பாடத்தை மட்டுமே. மரபணுக்களின் நிலையும் அதுவே.

இரட்டைச் சகோதரர்களான அமெரிக்க விண்வெளி வீரர்கள் ஸ்காட் கெல்லி, மார்க் கெல்லி ஆகியோரைக் கொண்டு இது ஆராயப்பட்டது. ஸ்காட் 2015 மார்ச் முதல் 2016 மார்ச் வரை 340 நாட்கள் விண்வெளியில் தங்கினார். மார்க் பூமியில் இருந்தார். ஸ்காட்டின் மரபணுக்களில் 7 சதவீதம் மாறிவிட்டதென்றும், இனி அவர்கள் ஒத்த இரட்டையர் அல்லர் என்றும் 2018இல் செய்திகள் பரவின. அது பிழையான செய்தி. மாறியது மரபணுக்களின் எழுத்தன்று. அவை செயல்படும் அளவுதான். அவ்வாறு மாறியவற்றுள் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவை, அவர் திரும்பிய ஆறு மாதங்களுக்குள் பழைய நிலைக்கு வந்தன என்று 2019இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. எஞ்சிய சிறு பகுதியையே செய்திகள் திரித்துக் கூறின.

எடையை உணரும் அணுக்கள்

விண்வெளியில் கதிர்வீச்சும், தூக்கக் குறைவும் உண்டு. அவ்வாறிருக்க, மாற்றத்துக்குக் காரணம் எடையின்மையே என்று எப்படி அறிவது? 2006இல் நடந்த ஒரு சோதனை இதற்கு விடை தந்தது. நோயை எதிர்க்கும் மனித வெள்ளணுக்களில் ஒரு பகுதியை விண்வெளியில் மிதக்க விட்டனர். மற்றொரு பகுதியை அங்கேயே சுழலும் கருவியில் வைத்துப் பூமியின் எடைக்கு நிகரான விசையை அளித்தனர். எடை பெற்ற அணுக்களில் போருக்கு எழுப்பும் மரபணுக்கள் விழித்தன. மிதந்தவற்றில் அவற்றுள் பல சோர்ந்து கிடந்தன.

அதே ஆண்டு அட்லாண்டிஸ் விண்கலத்தில் சென்ற சால்மோனெல்லா என்னும் குடல் கிருமியின் 167 மரபணுக்கள் செயல்படும் அளவும், 73 புரதங்களின் அளவும் மாறியிருந்தன. பூமிக்குத் திரும்பியபின் எலிகளுக்குக் கொடுத்தபோது, அக்கிருமி முன்னிலும் கொடிய நோயை விளைவித்தது. காவலர் சோர, கள்வர் வலுப்பெற்ற கதைதான்!

மலேசியாவின் எலும்பு மருத்துவரான ஷேக் முஸாபர் ஷுக்கோர், 2007 அக்டோபரில், ரமளானின் இறுதி நாட்களில் விண்வெளி சென்றவர். புற்றுநோய் அணுக்களையும் நுண்ணுயிர்களையும் புரதப் படிகங்களையும் குறித்து அவரும் அங்கே சோதனைகள் செய்தார்.

எலும்பும் தசையும்

எலும்புக்குள் வாழும் அணுக்கள் தம்மீது விழும் பாரத்தை உணர்கின்றன. பாரம் குறைந்தால் அவை ஸ்கிளிரோஸ்டின் என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கின்றன. அது எலும்பு கட்டும் பணியைத் தடுக்கிறது. எடையின்மையில் இடுப்பெலும்பு போன்றவை மாதந்தோறும் 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தியை இழக்கக் கூடும். தசையிலும் புரதத்தை ஆக்கும் வேலை குறைந்து, அழிக்கும் வேலை ஓங்குகிறது. இதனால்தான் விண்வெளி வீரர்கள் நாள்தோறும் ஏறத்தாழ 2 மணி நேரம் கடும் உடற்பயிற்சி செய்கின்றனர்.

தசை வளர்ச்சிக்குக் கடிவாளமிடும் மயோஸ்டாட்டின் என்ற புரதம் இல்லாத எலிகளை 2019 டிசம்பரில் விண்வெளிக்கு அனுப்பினர். சாதாரண எலிகள் மெலிந்தன. இவையோ தம் பருத்த தசையை இழக்கவில்லை. படுத்த படுக்கையான நோயாளிகளுக்கும் பயன்படும் மருந்துக்கு இது வழிகாட்டலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் நம்புகின்றனர்.

ஆம், இச்செய்தி நம் வீட்டுக்கும் உரியதே! எடையின்மையின் விளைவைப் பூமியிலேயே அறிய, உடல்நலமுள்ளோரை வாரக்கணக்கில் படுக்க வைத்து ஆராய்கின்றனர். ஜெர்மனியின் கொலோன் நகரில் 2019இல் 60 நாட்கள் அவ்வாறு ஆராய்ந்தனர். எழாமல் படுத்திருப்பவரின் எலும்பும் தசையும் விண்வெளி வீரருடையவை போலவே தேய்கின்றன.

எனவே, முதியோரை அன்பின் மிகுதியால் கட்டிலிலேயே இருத்திவிடாதீர்கள். 'நீங்கள் எழ வேண்டாம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்பது பாசம்தான். ஆனால், அவர்களின் எலும்பு கேட்பது பாரத்தை. மருத்துவர் அனுமதித்தால், கைப்பிடித்து எழுப்பி நாலடி நடக்க விடுங்கள். அந்த நாலடியில் அவர்கள் சுமப்பது தம் எடையை மட்டுமன்று, தம் வலிமையையும்தான்.