பட்டியலில் இல்லாத ஆங்கிலம்

பலத்த மழையை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தமிழ்நாட்டில் எந்தப் பள்ளி மாணவரைக் கேட்டாலும் 'இட்ஸ் ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்ற பதில் தயாராக இருக்கும். வானத்திலிருந்து பூனையும் நாயும் விழும் இந்தத் தொடர் மிகப் பழையது. மேட்டுக்குடியினரின் பேச்சைக் கேலி செய்து ஜோனதன் ஸ்விஃப்ட் 1738-ல் வெளியிட்ட நூலிலேயே இது இருக்கிறது. ஆனால் இன்று லண்டன் பேருந்து நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நிற்பவர் அநேகமாக இப்படிச் சொல்ல மாட்டார். 'இட்ஸ் பக்கெட்டிங் டவுன்' என்பார், அல்லது 'இட்ஸ் சக்கிங் இட் டவுன்' என்பார்.

மரபுத்தொடர்களைத் தேர்வுக்காகப் படிப்பது நம் ஊரில் பெரிய வேலை. மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுகளில் 'இடியம்ஸ் அண்ட் ஃப்ரேஸஸ்' கேள்விகள் தவறாமல் வரும். அதற்காக 'கிக் த பக்கெட்', 'ஆப்பிள் ஆஃப் டிஸ்கார்ட்' என்று நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் மதிப்பெண் வாங்க அது உதவும். வேலை கிடைத்த பிறகு, தொலைபேசியில் இரண்டு நிமிடம் இயல்பாகப் பேச அது உதவுவதில்லை. காரணம், ஆங்கிலேயர் அன்றாடம் பேசும் தொடர்களில் பெரும்பாலானவை இந்தப் பட்டியல்களில் இல்லை.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் மொழியியலாளர் ரோசமண்ட் மூன், 1.8 கோடி சொற்கள் கொண்ட உரைத்தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நிலைத்தொடர்களைத் தேடி, 1998-ல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். அவற்றில் பெரும்பாலானவை பத்து லட்சம் சொற்களுக்கு ஒருமுறைகூடத் தென்படவில்லை. நாம் உருப்போடும் வண்ணமயமான தொடர்கள் பல அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. அடிக்கடி வருபவை 'இன் ஃபேக்ட்', 'அட் லீஸ்ட்', 'ஆஃப் கோர்ஸ்' போன்ற நிறமற்ற சிறு தொடர்கள்.

வெளிநாட்டவர் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார் என்பதை முதலில் கூர்ந்து பார்த்தவர்களில் ஒருவர் ஏ.எஸ்.ஹார்ன்பி. ஆங்கில இலக்கியம் கற்பிக்க 1924-ல் ஜப்பான் போன இளம் ஆசிரியர் அவர். மாணவர்களுக்கு இலக்கியத்தைவிட மொழியே முதல் தேவை என்பது அவருக்கு விரைவில் புரிந்தது. அப்போது டோக்கியோவில் ஹெரால்டு பாமர் என்பவர் ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய ஆய்வு நிறுவனம் ஒன்றை நடத்திவந்தார். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்று திரட்டும் பணி அங்கே நடந்தது. ஹார்ன்பியும் அதில் சேர்ந்துகொண்டார்.

அந்த உழைப்பிலிருந்து பிறந்த அகராதி 1942-ல் டோக்கியோவில் அச்சானது. 'இடியமேட்டிக் அண்ட் சின்டாக்டிக் இங்கிலீஷ் டிக்‌ஷனரி' என்பது அதன் பெயர். அப்போது பிரிட்டனும் ஜப்பானும் போரில் இருந்தன. எதிரி நாட்டுக் குடிமகன் என்பதால் ஹார்ன்பி காவலில் வைக்கப்பட்டு, பிறகு நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். போர் முடிந்தபின், 1948-ல், ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் அதே அகராதியை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. நம் ஊர்ப் புத்தகக் கடைகளில் இன்றும் தடிமனாகக் கண்ணில் படும் 'ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி' அதன் வழிவந்ததுதான்.

அந்த அகராதி பொருளோடு நின்றுவிடவில்லை, புழக்கத்தையும் சொன்னது. 'வான்ட்' என்ற வினைச்சொல்லுக்குப் பின் 'யூ டு கோ' வரும், 'சஜெஸ்ட்'டுக்குப் பின் அது வராது. 'ஐ சஜெஸ்ட் யூ டு கோ' என்று எழுதினால் பொருள் புரியும், ஆனால் படிப்பவருக்கு உறுத்தும். ஆங்கிலேயருக்குத் தாய்ப்பாலோடு வரும் இந்த அறிவை மற்றவர்களுக்கு எழுதித்தான் காட்ட வேண்டும் என்று புரிந்துகொண்டது ஹார்ன்பியின் பெரிய கொடை.

தமிழர்களுக்கு அதிகம் தேவைப்படுவது மரியாதையைச் சுமக்கும் தொடர்கள். சென்னை அலுவலகத்திலிருந்து மான்செஸ்டருக்கு ஓர் அழைப்பு போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோப்பு இன்றே வேண்டும். தமிழில் என்றால் 'அனுப்புங்க' என்பதில் உள்ள 'ங்க'வே பாதி மரியாதையைத் தந்துவிடும். 'அனுப்பறீங்களா', 'அனுப்பினா நல்லா இருக்கும்' என்று மேலும் மென்மையாக்கலாம். ஆங்கில வினைச்சொல்லுக்கு அப்படி ஒரு வால் கிடையாது. ஆகவே 'ப்ளீஸ் சென்ட் த ஃபைல் டுடே' என்று நாம் பணிவோடு சொன்னாலும், எதிர்முனையில் அது ஏவலாகக் கேட்க வாய்ப்புண்டு.

அங்கே மரியாதை சுற்றி வளைப்பதில் இருக்கிறது. 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் சென்ட் அஸ் த ஃபைல் டுடே' என்பார்கள். வேண்டுவது இன்றைக்கு, பேசுவதோ இறந்தகாலத்தில். அந்த இறந்தகாலம் கேட்பவருக்கு விலகி நிற்க இடம் கொடுக்கிறது. அவர் மறுத்தாலும் யாருக்கும் சங்கடமில்லை. அவர் மறுக்கும் விதமும் அப்படியே: 'அயாம் அஃப்ரெய்ட் இட்ஸ் நாட் ரெடி எட்'. இதில் அச்சம் எதுவும் இல்லை. மன்னியுங்கள், ஆகவில்லை என்பதே செய்தி. இப்படிப் பத்துத் தொடர்கள் வாயில் பழகினால், நூறு பழமொழி தெரிந்தவரைவிட நன்றாக ஆங்கிலம் பேசலாம்.

அதற்காக வண்ணத் தொடர்களை ஒதுக்க வேண்டியதில்லை. யாராவது சொன்னால் புரிந்தாக வேண்டும். அதற்கு அவை பிறந்த களத்தைத் தெரிந்துகொள்வது நல்ல வழி. கிரிக்கெட் பார்ப்பவருக்குப் பல தொடர்கள் ஏற்கெனவே பாதி தெரிந்தவை. ஆடுகளத்தை மூடிவைக்காத காலத்தில், மழையில் நனைந்த தரை வெயிலில் காயும்போது பந்து தாறுமாறாக எழும்பும், மட்டையாளர் திணறுவார். அதுவே 'ஸ்டிக்கி விக்கெட்'. இக்கட்டான நிலைமைக்கெல்லாம் இன்று அது பெயர். நிறைவாக வாழ்ந்து மறைந்த முதியவரைப் பற்றி 'ஹீ ஹேட் எ குட் இன்னிங்ஸ்' என்பார்கள். குதிரைப் பந்தயத்தில் வெகுதூரம் முந்திவிட்ட ஜாக்கி கடிவாளத்தைத் தளர்த்திக் கையைத் தாழ்த்திக்கொள்வார். சுலப வெற்றிக்கு 'வின் ஹேண்ட்ஸ் டவுன்' என்பது அங்கிருந்து வந்தது. பெல்ஜிய மொழியியலாளர் ஃபிராங்க் பூர்ஸ் மாணவர்களிடம் நடத்திய ஆய்வுகளும், இப்படி மூலக்காட்சியோடு கற்ற தொடர்கள் நினைவில் நன்றாகத் தங்குவதைக் காட்டின.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் உலவும் மூலக்கதைகளில் பொய்களும் நிறைய. 'சேவ்டு பை த பெல்' தொடருக்கு, உயிரோடு புதைக்கப்பட்டவர்கள் கல்லறையிலிருந்து மணியடித்ததாக ஒரு கதை சொல்லப்படுகிறது. அது உண்மையில் குத்துச்சண்டையின் சுற்று முடிவு மணி.

ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குள்ளேயே தொடர்கள் குழப்பம் செய்யும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், அமெரிக்கத் தளபதிகள் கூடிப் பேசியபோது, ஓர் ஆவணத்தை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றனர் பிரிட்டிஷார். அவர்களுக்கு அது உடனே விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்கர்களுக்கோ கிடப்பில் போடுவது. இரு தரப்பும் ஒரே விஷயத்தை விரும்பியும் நெடுநேரம் வாதாடியதைச் சர்ச்சில் தம் போர் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். நம்மவர் 'ஐ பாஸ்டு அவுட் இன் 2015' என்றால் இங்கே பட்டம் பெற்றதாகப் பொருள்; வெளிநாட்டுக்காரர் மயங்கி விழுந்ததாக எடுத்துக்கொள்வார். 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்பதும் இந்தியாவுக்கு வெளியே எடுபடாது. இவற்றைத் தவறு என்று சொல்வதற்கில்லை, இங்கே வேரூன்றிய ஆங்கிலம் அது. யாருக்கு எழுதுகிறோம் என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கற்கிறவர் ஒரு தொடரை உடைக்காமல் முழுசாக எடுத்துக்கொள்வது நல்லது. 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்பதை அப்படியே குறித்துவைத்தால், 'மீட்'டா 'மீட்டிங்'கா என்ற குழப்பமே எழாது. குறிப்பேட்டில் பொருளுக்குப் பக்கத்தில், யார் யாரிடம் சொன்னது என்றும் எழுதலாம்: மேலாளரிடமா, நண்பரிடமா, கடைக்காரரிடமா. கற்போருக்கான அகராதிகளில் தொடருக்கு அருகே உள்ள 'இன்ஃபார்மல்', 'ஓல்டு ஃபேஷன்டு' குறிகளையும் பார்க்க வேண்டும். பிபிசி வழங்கும் 'த இங்கிலீஷ் வி ஸ்பீக்' ஒலித்தொடரில் சில நிமிடங்களில் ஒரு தொடரைப் பேச்சோடு கேட்கலாம். குறிப்பேட்டின் முதல் பக்கத்துக்கு உரியவை எளியவை: தாமதமாகும் என்று சொல்ல 'அயாம் ரன்னிங் லேட்', போகட்டும் என்று சொல்ல 'நெவர் மைண்ட்', காதில் சரியாக விழவில்லை என்று சொல்ல 'சாரி, ஐ டிடன்ட் கேட்ச் தட்'.