தொடுவதற்கு முன்பே திட்டமிடும் கை

கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளரை எடுத்து அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும். நம் கை என்ன செய்கிறது? கட்டைவிரல் கீழ்நோக்கி இருக்கும்படி மணிக்கட்டைத் திருப்பி டம்ளரைப் பிடிக்கிறது. அந்தப் பிடி சற்று வசதிக்குறைவானதுதான். ஆனால் டம்ளரை நிமிர்த்தியதும் கட்டைவிரல் மேலே வந்துவிடுகிறது. தண்ணீர் சிந்தாமல் பிடிக்க அதுவே ஏற்ற நிலை.

உணவகப் பணியாளர் ஒருவர் இவ்வாறு குவளைகளை எடுப்பதைக் கவனித்த அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரோசன்பாம், 1990இல் தம் குழுவினருடன் இதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். கிடையாக வைத்த ஒரு கோலின் எந்த முனையைக் கீழே ஊன்ற வேண்டும் என்பதற்கேற்ப, மக்கள் உள்ளங்கையை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ வைத்துப் பிடித்தனர். தொடக்கத்தில் வசதி குறைந்தாலும் முடிவில் கை வசதியாக இருக்க வேண்டும் என்பதே மூளையின் கணக்கு. சிறு குழந்தைகளிடம் இத்திறன் முழுமையாக இருப்பதில்லை, வயதுக்கேற்ப முதிர்கிறது.

மூளையில் நடப்பது என்ன?

பொருளின் அளவையும் சாய்வையும் கண் அறிவிக்கிறது. பரைட்டல் எனப்படும் மூளையின் பின்மேற்பகுதி அத்தகவலைக் கையசைவுக்கு ஏற்றவாறு மாற்றுகிறது. முன்பகுதி அதைச் செயலாக்குகிறது. ஆகவே, கை செல்லும் வழியிலேயே விரல்கள் பொருளைவிடச் சற்று அகலமாக விரிந்து, நெருங்கும்போது குறுகுகின்றன.

திட்டம் குலையும்போது

பக்கவாதத்தால் மூளையின் இப்பகுதிகள், குறிப்பாக இடப்பாகத்தில், பாதிக்கப்பட்டால் ‘அப்ராக்சியா’ என்னும் நிலை ஏற்படலாம். கையில் வலு இருக்கும்; சீப்பு எது என்றும் தெரியும்; ஆனால் அதைத் தலைகீழாகப் பிடிப்பார். வலக்கை மட்டுமன்றி, வலுக்குறையாத இடக்கையும் தடுமாறக்கூடும். “நல்ல கையாலும் செய்ய மறுக்கிறார்” என்று குடும்பத்தினர் வருந்துவதை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். அது பிடிவாதமும் அன்று, சோம்பலும் அன்று. கடிந்துகொள்வதால் அவருடைய தன்னம்பிக்கையே குறையும்.

வீட்டில் செய்யக்கூடியவை

• உண்மையான பொருளையே, உரிய இடத்தில், உரிய நேரத்தில் பயன்படுத்தச் செய்யுங்கள். காலையில் வாஷ்பேசின் முன் நின்று பிரஷைப் பிடிப்பது, படுக்கையில் அமர்ந்து பாவனை செய்வதைவிட எளிது.

• ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மேசைமேல் வையுங்கள். கரண்டியின் காம்பும் கோப்பையின் கைப்பிடியும் அவர் கைப்பக்கம் இருக்கட்டும்.

• நீண்ட விளக்கங்களைத் தவிர்த்து, செய்து காட்டுங்கள். தேவையானால் அவர் கைமேல் உங்கள் கையை வைத்து வழிநடத்துங்கள்.

• அவசரப்படுத்தாதீர்கள். ஒரே செயலை நாள்தோறும் ஒரே வரிசையில் செய்யட்டும்.

• சூடான காபி, கத்தி, சவரக்கத்தி ஆகியவற்றைத் தனியே கையாள விடாதீர்கள். டம்ளரைப் பாதியளவே நிரப்புங்கள்.

எந்தச் செயலில் தடுமாறுகிறார் என்பதைக் குறித்து வைத்து, அடுத்த முறை வரும்போது இயக்கமுறை மருத்துவரிடமோ செயல்முறை மருத்துவரிடமோ தெரிவியுங்கள். பயிற்சியை அதற்கேற்ப அமைக்க உங்கள் குறிப்பு எங்களுக்குப் பெரிதும் உதவும். இத்தடுமாற்றம் திடீரெனப் புதிதாகத் தோன்றினாலோ, முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்பட்டாலோ மறுநாள்வரை காத்திராமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.