லீவு முடிந்த முதல் வாரம்

படைவீரர் தற்கொலை என்றதும் பனிமலை, எல்லைக்கோடு, துப்பாக்கிச் சண்டை என்றுதான் நம் மனம் ஓடுகிறது. சண்டையில் எதையோ பார்த்துக் கலங்கிப்போனார் என்று முடித்துக்கொள்கிறோம். அமெரிக்கப் படையினர் சுமார் 1.5 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2013-ல் வெளிவந்த ஆய்வு இந்தக் கதையைக் கவிழ்த்துவிட்டது. போர்முனைக்குப் போனதற்கும் தற்கொலைக்கும் அதில் தொடர்பே தெரியவில்லை. மனச்சோர்வும் மதுப்பழக்கமும்தான் முன்னால் நின்றன.

நம் நாட்டுக் கணக்கு இன்னும் குறிப்பான இடத்தைக் காட்டுகிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைஃபிள்ஸிலும் 2018 முதல் 2022 வரை 654 பேர் தற்கொலையால் இறந்ததாக நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. காரணம் ஆராய அமைக்கப்பட்ட குழு, இப்படிப்பட்ட மரணங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் லீவு முடிந்து திரும்பிய பிறகு நடப்பதாகக் கண்டது.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஊருக்கு வரும் பட்டாளத்துக்காரரிடம் தெருவே கேட்பது இரண்டு கேள்விதான்: "எப்ப வந்தே? எப்ப கிளம்புறே?" வீட்டிலும் அவர் இல்லாமலே எல்லாம் நடந்து பழகிவிட்டது. கைக்குழந்தை முதல் சில நாள் கிட்டவே வராது. அது மடியில் ஏறத் தொடங்கும்போது, அவர் வரட்டும் என்று தள்ளிவைத்த வழக்குகளும் வந்து சேரும். பாகப்பிரிவினை, நகைக்கடன், தங்கைக்கு வரன், மாமியார் மருமகள் மனத்தாங்கல். அறுபது நாளில் எந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினை முடிந்திருக்கிறது? பாதியில் விட்டுவிட்டு ரயில் ஏறுகிறார். கடிதக் காலத்தில் இங்கே நடந்த சண்டை அங்கே போய்ச் சேருவதற்குள் பாதி ஆறியிருக்கும். இப்போது ட்யூட்டி முடிந்து கட்டிலில் சாய்ந்ததும் அதே சண்டை வீடியோ காலில் தொடர்கிறது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து யாரை அவர் சமாதானப்படுத்துவார்?

நமக்கென்று யாருமில்லை, நாம் இருப்பதே மற்றவர்களுக்குப் பாரம் என்ற இரண்டு எண்ணங்களும் ஒன்றுசேரும்போது ஆபத்து கூடுகிறது என்கிறது 2005-ல் வெளியான உளவியல் கோட்பாடு ஒன்று. வலிக்கும் சாவுக்கும் அஞ்சாத பழக்கம் அது சொல்லும் மூன்றாவது காரணம். படையில் அந்தப் பழக்கத்தைப் பயிற்சியாகவே தருகிறோம்.

'வீட்டுத் தகராறுக்குப் படை என்ன செய்யும்?' என்பது அதிகாரிகள் தரப்பின் வாதம். அதிலும் நியாயம் உண்டு. என் கவலை வேறு. கலங்கி நிற்பவர் யாரிடம் போய்ச் சொல்வது? படையின் மருத்துவச் சோதனையில் மனம், காது, கைகால், உடல், கண் ஆகிய ஐந்தையும் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் 'ஷேப்-ஒன்' என்று எழுதுவார்கள். பட்டியலில் முதலிடம் மனதுக்கு. அதில் தரம் இறங்கினால் பதவி உயர்வு நிற்கலாம், கையிலிருக்கும் ஆயுதம் போகலாம், பாரக்கில் பெயர் கெடலாம். இதெல்லாம் தெரிந்த ஹவில்தார் ஒருவர் தானாக எழுந்துபோய் மனநல மருத்துவரைப் பார்ப்பாரா? முதுகுவலி, தூக்கமில்லை என்று எதையாவது சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு வருவார். ஆலோசகர்களை எத்தனை பேர் நியமித்தாலும் இந்தப் பயம் இருக்கும்வரை அவர்களின் அறை காலியாகத்தான் கிடக்கும்.

இஸ்ரேல் ராணுவம் 2006-ல் ஒரு சின்ன மாற்றம் செய்தது. வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் வீரர்கள் ஆயுதத்தை முகாமிலேயே விட்டுப்போக வேண்டும் என்றது. தற்கொலை விகிதம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. கொடிய எண்ணம் பெரும்பாலும் கொஞ்ச நேரமே உச்சத்தில் நிற்கிறது. அந்த நேரத்தில் ஆயுதம் தள்ளி இருந்தால் ஆள் மீண்டுவிடுகிறார். நம் முகாம்களில் ஆபத்தான நேரம் லீவு முடிந்து வரும் நாட்கள் என்பதால், திரும்பிவரும் எல்லோருக்கும், கேள்வியே கேட்காமல், முதல் வாரம் ஆயுதமில்லாத வேலை கொடுத்துப் பார்க்கலாம். கலங்கியவரை மட்டும் பிரித்தெடுத்தால் மறுபடியும் அதே முத்திரை விழும்.

அதுவரை 14416 இருக்கிறது. 'டெலி-மானஸ்' என்ற இந்த இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம். 2023 டிசம்பரில் ராணுவத்தினருக்கென்றே புனேயில் ஒரு தனிப் பிரிவும் தொடங்கினார்கள். யூனிட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று வீரர் தயங்கினால் மனைவியோ அம்மாவோ கூப்பிட்டு யோசனை கேட்கலாம். அவர் பேச்சு குறைந்திருப்பதும், பணத்தையும் பத்திரங்களையும் திடீரென்று ஒப்படைக்கத் தொடங்குவதும் முதலில் தெரிவது வீட்டுக்குத்தான்.