கலர் புள்ளி வரலைன்னா ஹிஞ்ச் இல்லையா?

குருவிகுளத்தில் எங்க வீட்டு மாடிக்குக் கம்பி கட்டும்போது கவனிச்சிருக்கேன். கம்பியை லேசா வளைச்சு விட்டா நிமிர்ந்துடும். அழுத்தி வளைச்சா அப்படியே நின்னுடும். பிளாஸ்டிக் ஹிஞ்ச் அங்கதான் ஆரம்பிக்குது. பீமில் ஓரிடத்தில் குறுக்குவெட்டு முழுக்க யீல்டு ஆகிவிட்டால், அந்த இடம் அதற்கு மேல் மொமென்ட் வாங்காது. கீல் மாதிரித் திரும்ப ஆரம்பிக்கும். ஆனா எண்ணெய் போட்ட கீல் இல்லை, துருப்பிடித்த கீல். வாங்கிய மொமென்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டே திரும்பும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் ஈடாப்ஸில் புஷ்ஓவர் ஓட்டும்போது, ஹிஞ்ச் வந்த இடத்தில் கலர் புள்ளி தெரியும். புள்ளி இல்லாத இடமெல்லாம் சேஃப்னு நானும் நினைச்சேன். தப்பு. நாம ஹிஞ்ச் அசைன் பண்ண இடத்தில் மட்டும்தான் சாஃப்ட்வேர் தேடும். மற்ற இடம் எவ்வளவு மொமென்ட் வந்தாலும் எலாஸ்டிக்காவே இருக்கும்.

இதைப் பேப்பரில் போட்டுப் பாருங்க. இரண்டு முனையும் ஃபிக்ஸ் ஆன ஸ்டீல் பீம், மேலே சீரான லோடு. முனை மொமென்ட் நடு மொமென்ட்டைப் போல இரண்டு மடங்கு. அதனால் முனைகளில்தான் முதலில் ஹிஞ்ச். அப்போதைய லோடை 12 என்று வையுங்க. கூடுதல் லோடின் மொமென்ட் இனி நடுவுக்குப் போகும். லோடு 16 ஆகும்போது நடுவிலும் ஹிஞ்ச். மூணு ஹிஞ்ச் வந்தாச்சு, பீம் காலி. ஆனா மாடலில் முனைகளில் மட்டும் ஹிஞ்ச் கொடுத்திருந்தா, லோடு 20-ஐயும் அது தாங்கும்! அப்போ நடு மொமென்ட் அதன் கெப்பாசிட்டியைப் போல ஒன்றரை மடங்கு. ஸ்கிரீனில் அங்கே ஒரு புள்ளிகூட இருக்காது.

அதனால் மூணு செக்:

1. பீமின் நடுவிலும், பாயின்ட் லோடு விழும் இடங்களிலும் ஹிஞ்ச் கொடுங்க.

2. ரிசல்ட் வந்ததும் ஒவ்வொரு மெம்பரிலும் மொமென்ட்டைக் கெப்பாசிட்டியால் வகுத்துப் பாருங்க. ஒன்றைத் தாண்டினால் ஹிஞ்ச் தப்பிவிட்டது. காலத்துக்கு ஆக்சியல் லோடு மாறினால் கெப்பாசிட்டியும் மாறும், மறக்காதீங்க.

3. புஷ்ஓவர் கர்வைப் பாருங்க. ஒவ்வொரு ஹிஞ்சுக்கும் சரிவு குறையணும். பல ஹிஞ்ச் வந்தும் கர்வ் விடாமல் ஏறினால் சந்தேகப்படுங்க.

ஹிஞ்ச் எங்கே வருது என்பதும் முக்கியம். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் விழுந்தன. தரைத்தளத்தைப் பார்க்கிங்குக்காகச் சுவரில்லாமல் விட்டவை அவற்றில் நிறைய. மேல்தளங்களுக்குச் சுவர் விறைப்பு தருது. அசைவு முழுக்கத் தரைத்தளக் காலம்களுக்குத்தான். அவற்றின் தலையிலும் காலிலும் ஹிஞ்ச் வந்தால் அந்தத் தளமே சாய்ந்துவிடும். மாடலில் மேல்தளச் சுவர்களை விட்டுவிட்டால் இது தெரியாது, அசைவு எல்லாத் தளத்துக்கும் பங்கு போன மாதிரி காட்டும். ஹிஞ்ச் காலத்தில் வராமல் பீமில் வரட்டும் என்றுதான், ஐ.எஸ். 13920-இன் 2016 பதிப்பு, ஜாயின்ட்டில் காலம்களின் மொமென்ட் பலம் பீம்களைவிடக் குறைந்தது 1.4 மடங்கு இருக்கச் சொல்லுது.

வைவாவில் "எத்தனை ஹிஞ்ச் வந்துச்சு?"ன்னு கேட்டா, எங்கெங்கே தேடினீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க.